தகப்பனார் பெயர்

அவர் முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று, நான் அவருடைய கணவரைப் பார்த்து, “இவங்களுக்குத் தமிழ் தெரியுங்களா?” என்று கேட்டேன். கணவர் வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொன்னார்.

“தெரியுமுங்க. என்னைப் பத்தி என்னையே கேளுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் நின்று அரைக் கிலோ தக்காளி கேட்கிற குரலில் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

அப்போது நான் திருச்செங்கோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் சார் இருப்பார். வெளியறையில் நானும் ஒரு கம்ப்யூட்டரும், தரையிலிருந்து ஜன்னல் வரை அடுக்கிய ஃபைல்களும். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ரிக் வண்டிக்காரர்கள், லாரிக்காரர்கள், தறி வைத்திருப்பவர்கள். பான் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒருவருக்குப் போட்டது அதுதான் முதல் தடவை.

அவர் தான்சானியாக்காரர். முவான்சா என்று ஒரு ஊர், பெரிய ஏரிக்கரையில் இருக்கிறது. எங்கள் ஊர் ரிக் வண்டிகள் போர்வெல் போடுவதற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகும். அப்படிப் போன வண்டி ஒன்றில் டிரில்லராக இருந்தவர் அவருடைய கணவர். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். தினமும் சாப்பிட வந்தவரை இரண்டு வருடம் பார்த்துவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு ஒருநாள் கணவர் ரிக்கின் மேலேயிருந்து வழுக்கி விழுந்தார். முதுகில் அடி. இனி இந்த வேலை ஆகாது என்று கம்பெனி ஊருக்கு அனுப்பியபோது இவரும் கூடவே வந்துவிட்டார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

நல்ல உயரம். தலைமுடியைச் சின்னச் சின்னச் சடைகளாகப் பின்னி, எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னால் கட்டியிருப்பார். சேலை கட்டினால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வார், ஏதோ ஒரு வேலையைத் தொடங்கப் போகிறவர் மாதிரி. தமிழ் முழுக்கப் புகுந்த வீட்டில் கற்றது. அதனால் ‘என்னுடைய’ என்பதற்கு ‘என்ற’ என்பது உட்பட, அவர் பேசுவது எங்கள் பேச்சேதான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் மொழியில் அவன், அவள் என்ற பிரிவினை கிடையாதாம். ஆளுக்கும் மாட்டுக்கும் ஒரே சொல். அந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்க எல்லோருக்கும் ‘அவிய’, அதாவது ‘அவர்கள்’, போட்டுப் பேசுவார். மாமியாரும் அவிய, பால்காரரும் அவிய, கட்டுத்தறியில் நிற்கும் எருமையும் அவிய. “அவிய இன்னும் தண்ணி குடிக்கலீங்க” என்றால் எருமையா மாமியாரா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அவரை ஊர் அப்படி நடத்தவில்லை. அவர் எதிரில் நிற்கும்போதே அவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பார்கள். நான் கேட்ட மாதிரியே. டீக்கடையில், “அவங்க டீ குடிப்பாங்களா?” என்று கணவரைக் கேட்பார்கள். “குடிப்பேனுங்க, சக்கரை கம்மியாப் போடுங்க” என்று இவர் சொல்வார். பஸ்ஸில் கண்டக்டர், “அந்தம்மா எங்க எறங்கோணும்?” என்று பின் சீட்டுக்காரரிடம் கேட்டால், பின் சீட்டுக்காரர் விழிப்பார், இவர் சில்லறையை நீட்டி ஊர்ப் பெயரைச் சொல்வார். ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது இரண்டு பெண்கள் அவருடைய சடையைப் பார்த்து, “இது சொந்த முடியா, வெச்ச முடியா?” என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். இவர் திரும்பி, “பாதி என்றது, பாதி வாங்குனதுங்க. உங்க சவுரி எந்தக் கடைல வாங்குனீங்க? நல்லா இருக்குதுங்க” என்றார். சவுரி வைத்திருந்த அம்மா அடுத்த பந்திக்குப் போய்விட்டார். இதை என்னிடம் சொன்னது அவர் இல்லை. அந்தக் கல்யாணத்தில் நானும் பாயசத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

தனக்காக மற்றவர் பேசுவதை எப்படி விடமாட்டாரோ, அதேபோல மற்றவருக்காகத் தான் பேசவும் மாட்டார். கணவரை ஈரோட்டுக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனபோது, டாக்டர் இவரைப் பார்த்து, “ராத்திரி வலி எப்படி இருக்கு அவருக்கு?” என்றாராம். “வலி அவியளோடதுங்க. அவியளையே கேளுங்க” என்றிருக்கிறார். கணவர் இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். “பொண்டாட்டி கூட வந்தா நாம பேச வேண்டியதில்லைனு நெனச்சுப் போனனுங்க. சிக்கிக்கிட்டேன்” என்பார்.

அவருக்கு எதற்குப் பான் கார்டு என்றால், ஒரு வியாபாரத்துக்கு. முவான்சாவில் அவருடைய தங்கை துணிக்கடை வைத்திருந்தார். அங்கே பெண்கள் ஒரே மாதிரி இரண்டு துணிகளைச் சோடியாக வாங்கி, ஒன்றை இடுப்பில் சுற்றி ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்வார்களாம். நான்கு பக்கமும் பட்டையாகக் கரை இருக்க வேண்டும். இவர் ஒருநாள் பஸ் ஏறி இளம்பிள்ளைக்குப் போய், தெருத்தெருவாகத் தறிச்சத்தம் கேட்ட வீடுகளில் நுழைந்து, சேலை நெய்கிறவர்களிடம் முந்தானை இல்லாமல் இந்த அளவில் நெய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒருவர் ஒத்துக்கொண்டார். தங்கையும் ஒரு பண்டிகைக்குள் துணி வந்து சேர்ந்தால் எடுத்துக்கொள்வதாக அங்கே ஆள் பிடித்துவிட்டார். துணியைக் கப்பலில் அனுப்ப ஏற்றுமதிக்கான பதிவு வேண்டும். அதற்கு நடப்புக் கணக்கு வேண்டும். இரண்டுக்கும் முதலில் பான் எண் வேண்டும்.

கணவருடைய அண்ணன் டெம்போ ஓட்டித் தொழில் செய்கிறவர். அவர் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி பதிவாகியிருந்தது. “எதுக்குப் புதுசா அலையறது? என்ற பேருலயே அனுப்பிக்கலாம்” என்று அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

“உங்க பேருல அனுப்பினா அது உங்க வியாபாரமுங்க மாமா” என்று இவர் சொல்லிவிட்டார்.

சாரும் முதலில் அதே வழியைத்தான் காட்டினார். வீட்டுக்காரர் பான் எண்ணில் செய்யலாம், அண்ணனுடையதில் செய்யலாம் என்று வரிசையாகச் சொன்னார். இவர் பொறுமையாகக் கேட்டார்.

“அது அவிய நம்பரு. இது இவிய நம்பரு. என்ற நம்பரு எங்கீங்க சார்?”

சார் ஆவணங்களைக் கேட்டார். இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டினருக்கு, இங்கே தங்குவதற்கும் தொழில் செய்வதற்கும் ஓசிஐ கார்டு என்று ஒன்று கொடுக்கிறார்கள். அவரிடம் அது இருந்தது. சார் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் என்னிடம், “ஓசி கார்டும்மா, ஜெராக்ஸ் எடுத்துக்க” என்று சிரித்தார்.

அவர் வீட்டுக்குப் போய் ‘ஓசி’ என்றால் என்ன என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் போட்டோவோடு வந்தவர் நேராக உள்ளறைக் கதவருகே போய் நின்றார்.

“சார், ஓசிக்கு வரலீங்க. வரி கட்டறதுக்குத்தான் நம்பரு கேக்கறேன்.”

சார் எழுந்தே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அவரை ‘வாங்கம்மா’ என்றுதான் அழைத்தார்.

விண்ணப்பத்தை நானும் அவரும் உட்கார்ந்து நிரப்பினோம். பெயரிலேயே அரை மணி நேரம் போனது. பாஸ்போர்ட்டில் மூன்று பெயர்கள் வரிசையாக இருந்தன. முதலாவது தன்னுடையது, இரண்டாவது தகப்பனாருடையது, மூன்றாவது தகப்பனாருடைய தகப்பனாருடையது என்று விளக்கினார். எங்கள் ஊரில் ஒற்றை எழுத்தை முன்னால் வைத்து முடித்துக்கொள்கிற விஷயம் அங்கே முழுசாகப் பின்னால் நின்றது. எதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன். கையெழுத்துப் போடுவதற்குக் கொடுத்த பெட்டிக்குள் அவருடைய கையெழுத்து அடங்கவில்லை. அவ்வளவு நீளம். இரண்டு தாள்கள் வீணாகி, மூன்றாவதில் எழுத்துகளை நெருக்கி நெருக்கிப் போட்டார். கணவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டிய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மிச்சக் கட்டங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அந்தத் துண்டுத்தாளைத் தொலைத்தேன்.

கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி வாரம் அது. மேஜையே தெரியாத அளவுக்குக் காகிதம். ‘தகப்பனார் பெயர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்து இரண்டாவது பெயரா, மூன்றாவது பெயரா என்று குழம்பினேன். ஃபைலின் மேல் இரண்டு கைப்பேசி எண்கள் இருந்தன. ஒன்று அவருடையது, ஒன்று கணவருடையது. என் விரல் கணவருடைய எண்ணைத்தான் அழுத்தியது. கை அப்படிப் பழகியிருந்தது.

“அவிய அப்பா செத்து ரொம்ப வருசமாச்சுங்களே” என்றார் கணவர். “அந்தப் பேரு எழுதறதுக்கும் கஷ்டம். என்ற பேரையே போட்டு உட்டுருங்க.”

“கல்யாணம் ஆனவங்களுக்கும் அப்பா பேருதாங்க போடோணும்.”

“அட, அதையெல்லாம் ஆருங்க பாக்கறாங்க?”

போட்டுவிட்டேன். விதி தெரிந்தேதான் போட்டேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், நான் அலுவலகத்தைக் கூட்டிவிட்டு உட்கார்ந்த நேரத்தில், இருவரும் மாடி ஏறி வந்தார்கள். கணவர் சட்டைக்கு மேல் முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றார். இவர் கார்டை என் மேஜைமேல் வைத்தார்.

“அம்மிணி, இதப் படிங்க.”

அவர் பெயரைப் படித்தேன். சரியாக இருந்தது.

“அடுத்த வரி.”

படித்தேன்.

“இவிய எனக்கு ஆருங்க?”

“உங்க வீட்டுக்காரருங்க அக்கா.”

“இதுல எனக்கு அப்பாவாயிட்டாங்க.”

உள்ளறையில் சார் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து கார்டை வாங்கிப் பார்த்தார். “நம்பர் சரியாத்தானே இருக்கு. பேங்க்ல உங்க பேரைத்தான் பாப்பாங்க, அப்பா பேரை யாரும் பாக்க மாட்டாங்க” என்றவர், கணவரிடம் திரும்பி, “திருத்தப் போட்டா இன்னும் மூணு நாலு வாரம் ஆகும். சரக்கு அனுப்பற தேதி போயிரும். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

“கார்டு என்றதுங்க சார். எனக்குச் சொல்லுங்க.”

சார் அவரிடமே திரும்ப எல்லாவற்றையும் சொன்னார். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“திருத்த முடியுமா, முடியாதுங்களா?”

“முடியும்.”

“அப்படீன்னாத் திருத்துங்க.”

சார் என்னைப் பார்த்தார். எங்கே தவறு நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார். “மேல டைப் பண்றவங்க மாத்தி அடிச்சிருப்பாங்கம்மா. அடிக்கடி நடக்கறதுதான்” என்றார். எனக்குக் கிடைத்த வழி அது. தலையை ஆட்டினால் போதும்.

அவர் சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “அவிய சொல்லட்டுங்க” என்றார்.

அந்த இரண்டு வார்த்தையில் மிரட்டல் எதுவும் இல்லை. எனக்குச் சொல்வதற்கு இருக்கிறது, அதை நானே சொல்வேன் என்று அவர் உண்மையாகவே நினைத்தார். எங்கள் வீட்டில், அந்த அலுவலகத்தில், அதுவரை யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. என் சம்பளம் எவ்வளவு என்பதைக்கூட என் அண்ணன்தான் வந்து பேசி முடித்திருந்தார்.

“நான்தாங்க அக்கா போட்டேன்” என்றேன். “நீங்க சொன்னதை எழுதின தாளத் தொலைச்சுட்டேன். அவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன்.”

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஒரு லாரி பின்பக்கமாக வரும் ஊதல் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

“என்ற போன் நம்பரு உங்ககிட்ட இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சுங்க.”

“அடுத்த தடவ அதுல கூப்புடுங்க” என்றார். அவ்வளவுதான். பிறகு கணவரிடம் திரும்பினார். “நீங்க?”

கணவர் முதுகுப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். “ஆரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நான் பாத்தனுங்களே.”

திருத்தல் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பப் பேனாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பெரிய எழுத்தில், ஒரு பெட்டிக்கு ஒரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எழுத்தின் மேலும் பேனா முனையை வைத்து எண்ணினார். சும்மா இருக்க முடியாமல் நான், “அப்பா என்னங்க பண்ணீட்டு இருந்தாரு?” என்று கேட்டேன்.

“படகு. ஏரியில தீவுக தீவுகளா இருக்குமுங்க. ஆளுகள இக்கரைக்கும் அக்கரைக்கும் கூட்டீட்டுப் போவாரு.” பேனாவை மூடினார். “படகுல என்ற பேரத்தான் எழுதி வெச்சிருந்தாரு. பெரிசா, செவப்புல. அவரு பேரு எங்கயும் எழுதலீங்க. நிலம் இல்ல, பேங்க் இல்ல. ஒரு நாள் காத்து அடிச்சுது, படகும் வரல, அவரும் வரல. என்ற கார்டுலயாவது இருக்கட்டும்.”

எல்லோரையும் ‘அவிய’ என்று சொல்பவர் அன்று தகப்பனாரை மட்டும் ‘அவரு’ என்றார். அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சார் சொன்னபடியே ஆனது. கார்டு திருத்தி வருவதற்குள் பண்டிகைக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய நாள் தாண்டிவிட்டது. முவான்சாவில் வாங்குவதாகச் சொன்ன ஆள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். இளம்பிள்ளைக்காரர் நெய்து வைத்த துணி அவர் வீட்டு அட்டாலிப் பரணில் ஏறியது. கணவருடைய அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கே வந்து சாரிடம் சத்தம் போட்டார். “ஒத்த வரிக்காக ஒரு லோடு துணி போச்சுங்க. செத்துப்போனவரு பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தறிக்காரருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கறேன்.” அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. தம்பி மனைவியை நம்பித் தறிக்காரரிடம் முன்னால் போய் நின்றவர் அவர்தான். அதற்குப் பிறகு பல நாள் அவர் தம்பி வீட்டு வாசலில் கால் வைக்கவில்லை. ஊரிலும் பிடிவாதக்காரி என்று பேச்சு வந்தது. சொல்லப்போனால் எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கார்டு வந்துவிட்டதா என்று கேட்க வந்தவர், வரவில்லை என்றதும் திரும்பிப் போகாமல் எங்கள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கீழே கடையில் முட்டை போண்டா வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“அம்மிணி, நான் பண்ணுனது தப்புங்களா?”

எதற்கும் தன் பதிலைத் தானே வைத்திருப்பவர், இன்னொருவரிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இல்லை அக்கா என்று ஆறுதல் சொல்ல வாய் வந்தது. ஆனால் அவரிடம் ஒப்புக்குப் பேச முடியவில்லை.

“தெரியலீங்க அக்கா.”

அவர் தலையாட்டினார். “எனக்கும் தெரியலீங்க” என்று சொல்லிவிட்டுப் போண்டாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, “ஆனா மறுக்கா கேட்டாலும் திருத்தத்தான் சொல்லுவேன்” என்றார்.

புதுக் கார்டு வந்தது. அதை எங்களிடம் காட்டத் தனியாக வந்தார். சார் வாங்கி இரண்டாவது வரியைச் சத்தமாகப் படித்தார். உச்சரிப்பு எங்கேயோ போனது. அவர் ஒரு தடவை சொல்லிக் காட்டினார். சார் திருப்பிச் சொன்னார். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. எங்கள் சார் ஒரு வாடிக்கையாளருடைய தகப்பனார் பெயரை மனப்பாடம் செய்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அதன்பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. நடப்புக் கணக்கு திறந்தது, ஏற்றுமதிப் பதிவு கிடைத்தது. இளம்பிள்ளைக்குப் போய் அட்டாலியிலிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார். பண்டிகைக்காரர் போனால் போகட்டும், தன் கடையிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தருவதாகத் தங்கை சொல்லிவிட்டார். மூட்டை கட்டி முடித்த அன்று, இளம்பிள்ளையிலிருந்து சேலம் பார்சல் ஆபீஸுக்கு எடுத்துப்போக வண்டி தேட வேண்டியிருந்தது. நானும் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன், சில தாள்களில் கையெழுத்து வாங்குவதற்காக. வாசலில் டெம்போ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பல நாள் வராத அண்ணன் இறங்கி வந்தார். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, அவரிடமே கேட்டார்.

“ஏம்மா, மூட்டை எப்ப எடுக்கோணும்?”

அவர் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். “நாளைக்குக் காத்தாலங்க மாமா. வாடகை எவ்வளவுன்னு மொதல்ல சொல்லுங்க” என்றார்.

“அதெல்லாம் பாத்துக்கலாம்.”

“இல்லீங்க, சொல்லுங்க.”

அண்ணன் சொன்னார். இவர் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். இருவரும் சிரிக்காமல் பேரம் பேசி முடித்தார்கள். கட்டிலில் இருந்த கணவர்தான் சிரித்தார்.

முதல் வருடம் வரி எதுவும் வரவில்லை. கணக்குத் தாக்கல் செய்யத் தேவையில்லை என்று சார் சொன்னார். “நம்பரு வாங்கீட்டுச் சும்மா இருப்பாங்களா?” என்று இவர் தாக்கல் செய்ய வைத்தார். அடுத்த வருடம் கொஞ்சம் வரி வந்தது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்கிறவர்களையும், வரியைக் குறைக்க வழி கேட்கிறவர்களையும்தான் நான் பார்த்திருக்கிறேன். அவரும் வழி கேட்டார், அதில் குறைச்சல் இல்லை. ஆனால் கட்டிய ரசீதை என்னிடம் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று தங்கைக்கு அனுப்பவாம். “நான் இங்க ஒரு ஆளுன்னு அவியளுக்குக் காட்டோணும்” என்றார்.

நான் அந்த வேலையில் மேலும் இரண்டு வருடம் இருந்தேன். அதற்குள் என் சம்பளத்தைப் பற்றி சாரிடம் நானே பேசினேன். பிறகு கல்யாணமாகிச் சேலம் வந்துவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே நாலு பேருக்குக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். விண்ணப்பம் எடுத்துக்கொண்டு யாராவது மனைவியோடு வந்தால் என் கண் முதலில் மனைவியின் பக்கம் போகிறது.

அவரும் கணவரும் போன வருடம் முவான்சாவுக்கே போய்விட்டார்கள். தங்கையால் தனியாகக் கடையைப் பார்க்க முடியவில்லை. துணி இப்போதும் இளம்பிள்ளையிலிருந்துதான் போகிறது. அனுப்புவதை அண்ணன் பார்த்துக்கொள்கிறார்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் வீடியோ அழைப்பில் வந்தார். ஏதோ ஒரு கட்டடத்துக்கு வெளியே மரநிழலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சடை குட்டையாகியிருந்தது.

“அம்மிணி, ஒன்னு காட்டறேன், பாருங்க.”

கைப்பேசியைத் திருப்பினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கவுண்டர் முன்னால் அவருடைய கணவர் நின்றுகொண்டிருந்தார். கடையில் அவரையும் பங்குதாரராகச் சேர்க்க அந்த ஊர் வரி எண் வேண்டுமாம். அங்கே அதை டின் நம்பர் என்கிறார்கள். ரிக்கில் இருந்த காலத்தில் இதையெல்லாம் கம்பெனி ஆட்களே பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவரே நிற்க வேண்டியிருந்தது.

“கவுண்டர்ல இருந்தவிய என்னைப் பாத்து, ‘இவிய அப்பா பேரு என்ன’ன்னு கேட்டாங்க. எங்க பாஷை அவியளுக்குத் தெரியும், அவியளையே கேளுங்கன்னு சொல்லீட்டு நான் வெளிய வந்துட்டேன்.”

கதவுக்குள் கணவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். ஒரு தாளை வாங்கி எழுதிக் காட்டினார். இடையில் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்தார். உடனே இவர் பெஞ்சில் நகர்ந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “பாவமுங்க அக்கா, போங்க” என்றேன்.

“பேசுவாங்க. நேரமாகும், ஆனாப் பேசுவாங்க.”

நேரம் ஆனது. அடுப்பில் வைத்த சோற்றை நான் இறக்கிவிட்டு வந்தபோதும் அவர் உள்ளேதான் இருந்தார். கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சட்டை முழுக்க வேர்வை. கையில் ஒரு தாள். கைப்பேசியைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார்.

“அம்மிணி, நல்லா இருக்கறீங்களா? இன்ஷியலுக்கு விரிவு கேட்டாங்க. எங்கப்பன் பேரச் சொன்னேன். அவங்களுக்கு வாயிலயே நுழையலீங்க. ரெண்டு எழுத்த முழுங்கீட்டு எழுதுனாங்க. அது போதும், உட்டுருங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு.”

“அப்பறம்?”

“உடலீங்க. மூணு தடவ அழிச்சு எழுத வெச்சுட்டேன்.”

பக்கத்தில் அக்கா நின்றுகொண்டுதான் இருந்தார். தாளை வாங்கி, அந்த வரியின் மேல் விரலை வைத்து, வாய்க்குள்ளேயே ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.